வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இனி? – வாசகர் கேள்வி பதில்

மனநல வார்டிலிருந்து திரும்பியவர்களை வீட்டில் கவனித்துக்கொள்வது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். பதில் எழுதுவது மனநலச் சமூகப் பணியாளரும் மனநலச் செவிலியரும் சேர்ந்து. ஊர்ப் பெயரைத் தவிர மற்ற அடையாளங்களை எடுத்துவிட்டோம்.

என் மகனுக்கு 24 வயது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று சொல்லி 19 நாள் வார்டில் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை அனுப்புகிறார்கள். கிளம்புமுன் என்னென்ன கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்?
– வாசகி, பொள்ளாச்சி

சனிக்கிழமையே கேட்டுவிடுங்கள். அனுப்பும் நாள் காலையில் ரவுண்ட்ஸ், பில், மருந்து வாங்கும் வரிசை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். பேச யாருக்கும் நேரம் இருக்காது.

முதலில் டிஸ்சார்ஜ் சம்மரி. நோயின் பெயர், மருந்துகளின் மூலப் பெயர் (கம்பெனிப் பெயர் மட்டும் போதாது), மில்லிகிராம், எந்த வேளை, அடுத்து வர வேண்டிய தேதி, ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் அதில் இருக்கிறதா பாருங்கள். வார்டில் ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தியிருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். இரண்டு வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் அதே மருந்தை மறுபடி எழுதுவார், அதே தொல்லை மறுபடி வரும். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 98-வது பிரிவுப்படி, அனுப்புவதற்கு முன் நோயாளியோடும் கவனித்துக்கொள்பவரோடும் கலந்து பேசி, மேற்கொண்டு சிகிச்சை எப்படி என்று திட்டம் போட்டுத் தர வேண்டியது டாக்டரின் கடமை. அதனால் கேட்கத் தயங்க வேண்டாம்.

அடுத்தது மாத்திரை அட்டை. டாக்டர் ரிஸ்பெரிடோன் 4 மி.கி. ராத்திரி ஒரு வேளை என்று எழுதியிருப்பார். கவுண்டரில் 2 மி.கி. அட்டைதான் இருக்கும், இரண்டாகப் போடச் சொல்லிக் கொடுப்பார்கள். அடுத்த மாதம் 4 மி.கி. அட்டை வந்திருக்கும். கை பழக்கத்தில் இரண்டு எடுத்துக் கொடுத்தால் 8 மி.கி. உள்ளே போய்விடும். நான்கைந்து நாளில் பையன் விறைத்துப்போய், எச்சில் வடிய, பொம்மை மாதிரி நடப்பான். நோய் முற்றிவிட்டது என்று நீங்கள் பதறுவீர்கள். இதைத் தவிர்க்க ஒரு 40 பக்க நோட்டு போதும். ஒவ்வொரு அட்டையிலும் பெயரும் மில்லிகிராமும் தெரிகிற துண்டை வெட்டி நோட்டில் ஒட்டுங்கள். பக்கத்தில் எந்த வேளை, எத்தனை என்று எழுதுங்கள். புது அட்டை வரும்போதெல்லாம் பழைய துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பிரியுங்கள். நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். கம்பெனி மாறினால் நிறமும் மாறும்.

முதல் ரிவியூ ஒரு வாரத்துக்குள் இருப்பது நல்லது. ஒரு மாதம் கழித்து வரச் சொன்னால், நடுவில் ஒருமுறை வரலாமா என்று நீங்களே கேளுங்கள். 15 நாள் மருந்து கொடுத்தால் 12-வது நாளே போய் நில்லுங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறையில் மருந்து தீர்ந்துபோய், அப்படியே விட்டுப்போய், மறுபடி வார்டுக்கு வருபவர்கள் கொஞ்சநஞ்சம் அல்ல. தூரம் ஒரு தொல்லை என்றால், மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரியுங்கள். அதே மருந்தை அங்கேயே தொடர முடியும்.

கடைசியாக ஒன்று. பையன் தெளிவாக இருக்கும்போதே, தனக்காகப் பேச வேண்டியவர் யார் என்று அவனே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, வக்கீலும் தேவையில்லை. சட்டத்தில் இதற்குப் பெயர் நியமனப் பிரதிநிதி. மறுபடி சேர்க்க வேண்டிய நிலை வந்தால் இந்தத் தாள்தான் பேசும்.

வீட்டுக்காரர் மாத்திரையைத் தொடவே மாட்டேன் என்கிறார். "எனக்கு ஒண்ணும் இல்ல, நீ போய்ப் போட்டுக்கோ" என்று கத்துகிறார். சாம்பாரில் பொடி செய்து கலந்துவிடு என்று நாத்தனார் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகி, திண்டுக்கல்

வேண்டாம். சாப்பாட்டில் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்பது மனச்சிதைவு நோயில் சாதாரணமாக வரும் சந்தேகம். அந்தச் சந்தேகத்தை நீங்களே உண்மையாக்கிவிடுவீர்கள். ஒரு நாள் தட்டின் அடியில் பொடி தட்டுப்பட்டால் மாத்திரை மட்டுமல்ல, உங்கள் கையால் வாங்கித் தண்ணீர் குடிப்பதும் நின்றுபோகும். எவ்வளவு மருந்து உள்ளே போனது என்பதும் தெரியாது. பாதிச் சாம்பார் மிச்சம் வைத்தால் பாதி மருந்துதானே? தெரியாமல் வாங்கிய மருந்தால் தலை சுற்றினால் டாக்டரிடம் என்ன சொல்வார்?

ஏன் மறுக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. "ஒண்ணும் இல்ல" என்ற பேச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் வேறு ஒரு காரணம் ஒளிந்திருக்கும். கால் சும்மா இருக்க முடியாமல் உட்கார்ந்து எழுந்து நடந்துகொண்டே இருக்கிறாரா? அது மருந்தால் வரும் பரபரப்பு. நோயைவிடக் கொடுமையாக இருக்கும், ஆனால் அளவைக் குறைத்தாலோ இன்னொரு மாத்திரை சேர்த்தாலோ அடங்கும். தாம்பத்தியத்தில் நாட்டம் போய்விட்டதா? வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள். டாக்டரிடம் நீங்கள் சொல்லலாம். காலை 10 மணி வரை எழ முடியவில்லையா? ராத்திரி 10 மணி மாத்திரையை 8 மணிக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே சண்டை ஓய்ந்த வீடுகள் உண்டு.

"உங்களுக்கு வியாதி, அதனால் மாத்திரை" என்று ஆரம்பித்தால் அங்கேயே முட்டிக்கொள்ளும். அவருக்கே பிடித்த ஒன்றோடு மாத்திரையைச் சேருங்கள். "போன தடவை நிறுத்தினப்ப நாலு நாள் தூக்கம் வரலன்னு சொன்னீங்களே, தூக்கத்துக்காகவாவது போட்டுக்கோங்க" என்று சொல்லிப் பாருங்கள். நாளுக்கு ஒரு தடவை, ஒரே நேரத்தில், ஒரே ஆள் கொடுக்கட்டும். மூன்று பேர் மாறி மாறிக் கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும்.

இதற்கும் மசியவில்லை என்றால் ஊசி இருக்கிறது. ஃப்ளுஃபெனசின் டெக்கனோயேட் போன்ற ஊசியை இடுப்பில் போட்டால் 2 முதல் 4 வாரம் வரை மருந்து மெல்ல மெல்லக் கசிந்து வேலை செய்யும். தினமும் நடக்கும் இழுபறி மாதத்துக்கு ஒருமுறையாகக் குறைந்துவிடும். விலையும் அதிகமில்லை. புது வகை ஊசிகளும் உண்டு, விலைதான் எக்கச்சக்கம். ஊசி தண்டனை என்று அவர் நினைக்காதபடி, அவரையே டாக்டரிடம் பேச விடுங்கள்.

நன்றாக இருக்கிறாரே, நிறுத்தலாமா என்ற கேள்வி ஆறாவது மாதத்தில் கட்டாயம் வரும். மனச்சிதைவு முதல்முறை வந்தவர்களுக்கே ஒன்றிரண்டு வருஷமாவது மருந்து தொடர வேண்டும். பலமுறை வந்தவர்களுக்கு ஐந்து வருஷம், அல்லது அதற்கும் மேல். திடீரென நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் ஆகாது. அதுதான் ஏமாற்றும். சில வாரமோ மாதமோ கழித்துத்தான் கிளம்பும், அப்போது மாத்திரை நிறுத்தியது யாருக்கும் நினைவில் இருக்காது.

தம்பி நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான். குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் குளிப்பதில்லை, பேசுவதில்லை. அப்பா "தின்னுட்டு தின்னுட்டுத் தூங்குறான், சோம்பேறி" என்று திட்டிக்கொண்டே இருக்கிறார். நோயா, சோம்பலா?
– வாசகி, விருதுநகர்

சோம்பேறி படுத்திருப்பதை ரசிப்பான். உங்கள் தம்பி ரசிக்கிறானா? காதில் குரல் கேட்பது, சந்தேகம் இதெல்லாம் மருந்துக்குச் சீக்கிரம் கட்டுப்படும். ஆசையும் முனைப்பும் வற்றிப்போவது மனச்சிதைவின் இன்னொரு பாதி. மருந்துக்கு அவ்வளவாக அசையாது. ஆனால் அதுதான் என்று முடிவுகட்டுமுன் வேறு இரண்டை இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். காலையில் மந்தம், மாலையில் தேவலை என்றால் மருந்தின் தூக்கக் கலக்கமாக இருக்கலாம். அழுகை, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" போன்ற பேச்சு இருந்தால் மனச்சோர்வு. எதுவென்று டாக்டர்தான் பிரித்துச் சொல்வார். நீங்கள் நேரத்தைக் குறித்துக்கொண்டு போனால் போதும்.

அப்பாவின் வாய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைத்தான் பேச வேண்டும். 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், வார்டிலிருந்து போனவர்களில் யார் திரும்பி வருகிறார்கள் என்று ஆராயத் தொடங்கினார். குறை சொல்லும் பேச்சும் வெறுப்பும் மிகுந்த வீடுகளுக்குப் போனவர்கள்தான் அதிகம் திரும்பினார்கள். அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைத்த வீடுகளிலும் அப்படியே. சண்டிகரில் பின்னால் நடந்த ஆய்வில் நம் நாட்டுக் குடும்பங்களில் இந்தக் கடுமை குறைவாகவே காணப்பட்டது. நம் வீடுகளில் ஒருவரைத் தாங்க நாலு பேர் இருந்தார்கள். இன்று அந்த நாலு பேர் எங்கே என்பது வேறு கதை.

அப்பாவிடம் "திட்டாதீங்க" என்றால் கேட்க மாட்டார். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். "அப்பா, சாயங்காலம் டீக்கடை வரைக்கும் அவனைக் கூட்டிட்டுப் போங்க, ஒண்ணும் பேச வேண்டாம்" என்று அனுப்புங்கள். பக்கத்தில் நடப்பது போதும்.

தம்பிக்கு ஒரே ஒரு வேலையில் ஆரம்பியுங்கள். "குளி" என்பது ஒரு சொல்தான், ஆனால் அவனுக்கு அது பத்து வேலை: எழுவது, துண்டு எடுப்பது, தண்ணீர் பிடிப்பது, சட்டையைக் கழற்றுவது... முதல் வாரம் முகம் கழுவினால் போதும். பக்கெட்டில் வெந்நீரும் கதவில் துண்டும் தயாராக இருக்கட்டும், "தண்ணி ஆறுதுடா" என்று ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். இரண்டாவது வாரம் குளியல். மூன்றாவது வாரம் தன் தட்டைத் தானே கழுவுவது. ஒன்று பழகாமல் அடுத்ததைத் தொடாதீர்கள். செய்தபோது "பரவாயில்லையே" என்று சொல்லுங்கள். "இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே" என்று ஒரு வால் ஒட்டினால் சொன்னது வீண். ஆறு மாதம், ஒரு வருஷம் பிடிக்கும் வேலை இது.

அண்ணனுக்குக் க்ளோசபின் கொடுக்கிறார்கள். வார்டில் நன்றாக இருந்தார். வீட்டுக்கு வந்து மூன்றே வாரத்தில் மறுபடி தனக்குத்தானே பேச ஆரம்பித்துவிட்டார். மாத்திரையை நான்தான் கையால் கொடுக்கிறேன், ஒன்றுகூட விடவில்லை. ஏன்?
– வாசகர், ஆம்பூர்

பீடி குடிக்கிறாரா? வார்டில் பீடி கிடையாது. வீட்டுக்கு வந்ததும் நாளுக்கு ஒரு கட்டு ஆகியிருக்கும்.

பீடி, சிகரெட் புகையில் உள்ள தார் வகைப் பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடும். க்ளோசபினை உடைத்து வெளியேற்றுவது அதே நொதிதான். வார்டில் புகை இல்லாதபோது பார்த்து நிர்ணயித்த அளவு, வீட்டில் புகைக்க ஆரம்பித்ததும் போதாமல் போகும். ரத்தத்தில் மருந்து சிலருக்குப் பாதியளவுக்கே குறைந்துவிடும். இதைச் செய்வது புகை, நிக்கோட்டின் அல்ல. அதனால் புகையிலை மெல்லுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, நிக்கோட்டின் பட்டையை (பேட்ச்) தோலில் ஒட்டிக்கொள்பவர்களுக்கும் இல்லை. ஒலான்சபினுக்கும் ஓரளவு இதே கதைதான்.

மறுபக்கமும் ஆபத்து. "இனி பீடியே கிடையாது" என்று பிடுங்கிவைத்தால் ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் மருந்து ஏறி, தலை சுற்றல், அசதி, எச்சில், அளவு அதிகமென்றால் வலிப்புவரை போகும். விடுவதானாலும் தொடங்குவதானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். ரிவியூவில் "நாளுக்கு இத்தனை பீடி" என்று எண்ணிச் சொல்லுங்கள்.

க்ளோசபின் வீட்டில் இருக்கிறதென்றால் இன்னும் மூன்று விஷயம். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்கவே கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து விழுந்துவிடுவார். 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். திருவிழாவுக்கு ஊருக்குப் போய் இரண்டு நாள் விட்டுவிட்டு மூன்றாம் நாள் முழு அளவு கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. இரண்டாவது, காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு இருக்காதீர்கள். இந்த மருந்து சிலருக்கு ரத்தத்தின் வெள்ளை அணுவைக் குறைத்துவிடும், அதனால் அன்றே அதன் எண்ணிக்கை பார்க்க வேண்டும். முதல் 18 வாரம் வாரம் ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்வதும் இதற்காகத்தான். மூன்றாவது, மலச்சிக்கல். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் உயிரை எடுக்கக்கூடியது இதுதான். மூன்று நாள் போகவில்லை, வயிறு உப்பி வலிக்கிறது என்றால் உடனே மருத்துவமனை. தலையணையில் எச்சில் வழிவது சாதாரணம், ஒரு துண்டு விரித்துவிடுங்கள்.

கணவருக்கு இருமுனை மனநோய். லித்தியம் சாப்பிடுகிறார். கார்த்திகையில் மாலை போடப் பிடிவாதம் பிடிக்கிறார். அனுப்பலாமா?
– வாசகி, தேனி

மாலை போடுவதில் தப்பில்லை. ஆபத்து வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது.

லித்தியம் ஒரு வகை உப்பு. உடம்பில் சாப்பாட்டு உப்போ தண்ணீரோ குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் அளவு ஏறும். அதனால் உப்பில்லா விரதமும் தண்ணீர் குடிக்காத விரதமும் வேண்டாம். வழக்கமான உப்பு, வழக்கமான தண்ணீர். மலையேறும்போது வியர்த்துக் கொட்டும், தண்ணீர் கூடவே இருக்கட்டும். கால் வலிக்கிறதென்று கூட வருபவர்கள் டைக்லோஃபெனாக், ஐபுபுரூஃபன் கொடுத்துவிடுவார்கள்; அந்த வலி மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றும். பாராசிட்டமால் மட்டும்தான். வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தாலோ, கை கரகரவென்று நடுங்கி, நாக்கு குழறி, நடை தள்ளாடினாலோ லித்தியத்தை நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரி. குடித்தவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, மருந்துச் சீட்டு பையில் இருக்கட்டும்.

இரண்டாவது ஆபத்தை யாரும் யோசிப்பதில்லை: தூக்கம். அதிகாலை நாலு மணிக் குளியல், ராத்திரி பஜனை, பஸ்ஸில் இரவுப் பயணம். இருமுனை நோயில் இரண்டு மூன்று நாள் தூக்கம் கெட்டால் அதுவே பித்து நிலையை (அளவு மீறிய உற்சாகமும் படபடப்பும்) கிளப்பிவிடும். பஜனைக்கு 9 மணி வரை இருக்கட்டும். 41 நாளுக்குப் பதில் குறைந்த நாள் விரதம் இருக்கலாமா என்று குருசாமியிடம் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் லித்தியம் அளவு பாருங்கள். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ராத்திரி 8 மணிக்குப் போட்டால் காலை 8 மணிக்கு. காலை மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் எண் பொய் சொல்லும். தொடர் சிகிச்சையில் 0.6-லிருந்து 1.0 வரை இருந்தால் சரி.

திடீரென்று கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, கண் மேலே செருகி நின்றுவிட்டது. சாமி வந்துவிட்டது என்று வேப்பிலை அடித்தார்கள்.
– வாசகர், சேலம்

சாமி இல்லை, மனநோய் மருந்தின் பக்கவிளைவு. புது மருந்து தொடங்கிய, அல்லது அளவு கூட்டிய முதல் சில நாளில் இளைஞர்களுக்கு வரும். பக்கத்து மருத்துவமனையில் ஒரு ப்ரோமெத்தசின் ஊசி போட்டால் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். இல்லாவிட்டால் வலிப்பு என்று வேறு வைத்தியம் நடக்கும். உடம்பு விறைப்போடு கடும் காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்தால் அது வேறு. ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரி.

மகள் மனச்சோர்வில் உயிரை விடப் போய், காப்பாற்றி வார்டில் வைத்திருந்தோம். இப்போது சிரித்துப் பேசுகிறாள். தனியாக விடாதீர்கள் என்றார் டாக்டர். எத்தனை நாளைக்கு?
– வாசகர், திருவாரூர்

வீட்டுக்கு வந்த முதல் வாரமும் முதல் மாதமும்தான் மிகவும் ஆபத்தான காலம். மூன்று மாதம் வரை கண் வைத்திருங்கள். வார்டில் ஆள் இருந்தது, நேரத்துக்குச் சாப்பாடு இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பழைய கடன், பழைய வார்த்தை எல்லாம் அப்படியே காத்திருக்கும்.

வயலுக்கு அடிக்கும் மருந்து, எலி மருந்து எல்லாம் வீட்டை விட்டு வெளியே போகட்டும். பூட்டி வைப்பதைவிட வேறு வீட்டில் வைப்பது மேல். மாத்திரையை ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்காமல் ஒரு வாரத்துக்கு வாங்குங்கள், மிச்சம் உங்கள் கையில் இருக்கட்டும். பாட்டியின் பிரஷர் மாத்திரையையும் மறக்காதீர்கள்.

நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு இப்பவும் தோணுதாம்மா?" கேட்டால் ஞாபகப்படுத்திவிடுவோம் என்று பயப்பட வேண்டாம், அப்படி நடப்பதில்லை. கேட்கும்போது பாரம் இறங்கத்தான் செய்யும். "தோணுது" என்றால் அன்றிரவே ஆள் பக்கத்தில் படுக்க வேண்டும், மறுநாளே டாக்டர். நடுராத்திரி என்றால் 14416. டெலி மானஸ் அரசு உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயத்தில் மறைக்க வேண்டாம்: மனநலச் சட்டத்தின் 115-வது பிரிவு தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே எடுத்துக்கொள்கிறது, தண்டனைக்கு உரியவராக அல்ல.

கட்டிப்போட்டாலொழிய அடங்குவதில்லை. குணசீலமோ ஏர்வாடியோ கொண்டுபோய் விடலாமா? ராத்திரியில் முறுக்கிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது?
– வாசகர், ராமநாதபுரம்

கோயிலுக்கும் தர்காவுக்கும் போங்கள், மருந்தோடு போங்கள். அங்கே தங்கும் நாளுக்கும் சேர்த்து மாத்திரை கையில் இருக்கட்டும். சங்கிலி மட்டும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் இல்லத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் தப்ப முடியாமல் கருகினார்கள், சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். இப்போது எந்த வடிவில் சங்கிலியிட்டாலும் சட்டப்படி குற்றம், வீட்டிலும்தான்.

ராத்திரிப் பிரச்சினை ராத்திரியில் பிறப்பதில்லை. மூன்று நாலு நாள் முன்பே வாசனை அடிக்கும். ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டு, பெரும்பாலும் எல்லாத் தடவையும் அதே வரிசையில் வரும்: தூக்கம் மூன்று மணி நேரமாகக் குறைவது, ஜன்னலை மூடிக்கொள்வது, டிவியில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது, ஒரே சட்டையைக் கழற்றாதது. போன தடவை எப்படித் தொடங்கியது என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து நினைவுபடுத்தி, முதல் மூன்று அடையாளத்தை நோட்டில் எழுதுங்கள். முதலாவது தெரிந்தால் மாத்திரை எண்ணுங்கள். இரண்டாவது தெரிந்தால் ரிவியூ தேதிக்குக் காத்திராமல் டாக்டரைப் பாருங்கள். மூன்றாவது வரை போக விடாதீர்கள்.

மீறிப் போய்விட்டால்: குரலை உயர்த்தாதீர்கள், சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கலையுங்கள், அவருக்கும் வாசலுக்கும் நடுவே நிற்காதீர்கள். அரிவாள்மனை, உலக்கை எல்லாம் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள். "அப்படி யாரும் பேசல" என்று வாதாட வேண்டாம். "உங்களுக்குப் பயமா இருக்கு, எனக்குப் புரியுது" என்பது போதும். 108-ஐக் கூப்பிடுங்கள். அடிதடி என்றால் கூடவே 112. தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருப்பவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது என்பது மனநலச் சட்டத்தின் 100-வது பிரிவு. நள்ளிரவில் மனநல டாக்டர் இல்லாவிட்டாலும் எந்த டாக்டரும் அவசரச் சிகிச்சை தொடங்கலாம். 72 மணி நேரம் வரை அதற்குச் சட்டம் இடம் தருகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியின் ஜெராக்ஸை போனிலும் படம் எடுத்து வைத்திருங்கள், அன்றைக்கு பீரோவில் தேட முடியாது.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் உறவுக்காரர்கள்.
– வாசகி, கும்பகோணம்

ஆகாது. நோய் அடங்கி, வேலைக்குப் போய், அவரே விரும்பினால் செய்யலாம். எத்தனையோ பேர் நன்றாகவே வாழ்கிறார்கள். மறைத்துச் செய்தால் மாத்திரையையும் மறைக்க வேண்டிவரும், பிறகு நிறுத்த வேண்டிவரும். இந்துத் திருமணச் சட்டத்தில் மோசடியாகச் சம்மதம் பெற்ற திருமணத்தை ரத்து செய்யக் கோர்ட்டுக்குப் போகவும் வழி உண்டு. பெண்ணுக்கு வால்ப்ரோயேட் கொடுத்துக்கொண்டிருந்தால், கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே டாக்டரிடம் சொல்லி மாற்றுங்கள். கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் மருந்து அது.

எனக்கு 68 வயது. ரிட்டயர்டு தமிழக அரசு ஊழியர். மகனுக்கு 41. எனக்குப் பிறகு அவனுக்கு யார்?
– வாசகர், திருச்சி

இதற்கு முழுப் பதில் யாரிடமும் இல்லை. செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன, அவற்றைச் சொல்கிறோம்.

முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழ். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் ஊனமாக ஏற்கப்பட்டிருக்கிறது. மதிப்பிடும்போது தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை ஆகிய நான்கையும், நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள். 40 சதவீதம் வேண்டும். மதிப்பிடும் மெடிக்கல் போர்டுக்குப் போகும் நாளில் மகனுக்குப் புதுச் சட்டை போட்டு, "நல்லாப் பேசுடா" என்று சொல்லிக் கூட்டிப் போகிற அப்பாக்கள் நிறைய. அவனும் பத்து நிமிஷம் நன்றாகப் பேசிவிடுவான், சதவீதம் குறைந்துவிடும். பழைய சீட்டுகளையும் எல்லா டிஸ்சார்ஜ் சம்மரிகளையும் கொண்டு போங்கள். மோசமான நாள் எப்படி இருக்கும் என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பென்ஷன். மனநோயால் சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு, வயது வரம்பில்லாமல், குடும்ப ஓய்வூதியம் ஆயுளுக்கும் உண்டு. நீங்கள் இருக்கும்போதே அவன் பெயரை ஓய்வூதியப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி மனு கொடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அவனும் உறவினர்களும் ஆபீஸ் ஆபீஸாக அலைவார்கள், நோய் எப்போது வந்தது என்று நிரூபிக்க முடியாமல் தவிப்பார்கள்.

தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் கார்டியன் வாங்கச் சொல்லி யாராவது சொன்னால் அலையாதீர்கள். அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டும், மனநோய்க்குப் பொருந்தாது. சொத்து இருந்தால் மகன் பெயரில் நேரடியாக எழுதாமல், ஒரு டிரஸ்ட் வைத்து வீட்டு வாடகையை அவன் செலவுக்கு வரும்படி செய்வது பற்றி ஒரு வக்கீலிடம் பேசுங்கள்.

இதற்கெல்லாம் நடுவே, இந்த வருஷமே மகன் கற்றுக்கொள்ள வேண்டியவை நான்கு: தன் மாத்திரையை வாரப் பெட்டியில் தானே அடுக்குவது, ஓபி சீட்டை எடுத்துக்கொண்டு தானே பஸ் ஏறுவது, ஏடிஎம்மில் பணம் எடுப்பது, சாதம் வடிப்பது. நீங்கள் கூடவே போய், பிறகு பத்தடி பின்னால் நடந்து, பிறகு பஸ் ஸ்டாப்போடு நின்றுகொள்ளுங்கள். சாதம் குழைந்தாலும் பரவாயில்லை, அதையே இரண்டு பேரும் சாப்பிடுங்கள்.